யாருடைய லாகினில் பார்த்தீர்கள்?

நாலாவது மாடியில் ஒரு பல் டாக்டர். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்த வயதான அம்மாள் ஒருவர், லிஃப்ட் கதவு திறந்ததும் காலை எடுத்து வைத்தார். லிஃப்ட் தரைக்கு ஓர் அடி கீழே நின்றிருந்தது. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் அவரால் கத்தக்கூட முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நடப்பாரா என்று கேட்டதற்கு, போகப் போகப் பார்க்கலாம் என்றார்கள்.

அந்த லிஃப்டைப் பராமரிப்பது எங்கள் கம்பெனி. அந்தப் பகுதிக்கு மெக்கானிக் என் அக்கா புருஷன்.

விழுந்ததற்கு முந்தின வாரமே அந்த லிஃப்டைப் பார்த்துவிட்டு 'நிறுத்து' என்று குறித்ததாக மாமா சொன்னார். எங்கள் கம்பெனியில் மெக்கானிக் தானாக ஒரு லிஃப்டை நிறுத்தக் கூடாது. முன்பு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். கட்டட முதலாளிகள் மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்தார்கள். அதனால் விதி மாறியது. மெக்கானிக் தன் டேப்லெட்டில், அதாவது டேப்பில், 'நிறுத்து' என்று குறித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். அந்தக் குறி கண்ட்ரோல் ரூம் திரையில் சிவப்பாக விழும். அவர்கள் கட்டடத்துக்குப் போன் செய்து, திட்டு வாங்கி, இங்கிருந்தபடியே லிஃப்டைப் பூட்டுவார்கள். திட்டு வாங்குவதும் பூட்டுவதும் அவர்கள் பொறுப்பு.

இந்த லிஃப்டுக்குக் கண்ட்ரோல் ரூமில் சிவப்பு விழவே இல்லை.

மாமாவின் பேச்சை யாரும் நம்பவில்லை. அதற்கு மாமாவும் கொஞ்சம் காரணம். வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே போனில் "பாதி வழியில இருக்கேன் சார்" என்று சொல்லக்கூடியவர். "சாமான் ஆர்டர் போட்டாச்சு" என்பார், போட்டிருக்க மாட்டார். கம்பெனியில் எல்லோருக்கும் இது தெரியும். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியான சேஃப்டி மேடம் அவர் லைசென்ஸை வாங்கி மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை விசாரணை. குறிக்காமல் குறித்ததாகச் சொன்னது உறுதியானால் லைசென்ஸ் அரசாங்கத்துக்குத் திரும்பிப் போகும். அதன் பிறகு எந்தக் கம்பெனியிலும் அவர் லிஃப்டைத் தொட முடியாது. வேறு வேலை எதுவும் அவருக்குத் தெரியாது.

நான் அதே கம்பெனியில் இரவு ஷிஃப்ட். கம்பெனியின் பதிவெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் ஓடுகிறதா, பேக்கப் முடிந்ததா என்று பார்ப்பது வேலை. படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு வேறென்ன கொடுப்பார்கள்? மாமா சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். அதை அவர் அடிக்கடி நினைவுபடுத்துவார். அக்கா வீட்டு முன்னறையில்தான் எனக்குக் கட்டில். பகலில் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்குவேன்.

விசாரணை நாளன்று காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பாத்தியாடா?"

"பாத்தேன்."

"நல்லா பாத்தியா?"

"நல்லா பாக்குறதுக்கு அது என்ன துணிக்கடையா? அந்த லிஃப்ட் நம்பரைப் போட்டுக் கேட்டேன். இல்லைன்னுடுச்சு."

"யாரு சொன்னது?"

"டேட்டாபேஸ்."

"அதுகிட்டயும் யாராவது உங்க மாமாவப் பத்திச் சொல்லி வச்சிருப்பாங்க."

உள்ளே மாமா சமையலறைத் தரையில் மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார். வேலைக்குப் போகாத மெக்கானிக் வீட்டில் இருந்தால் எந்தச் சாமானுக்கும் பாதுகாப்பில்லை. ஃபேனுக்கு முந்தின நாளே ஆபரேஷன் முடிந்திருந்தது. இப்போது அது முன்பைவிட அதிகமாகச் சத்தம் போட்டது.

"மாப்ளே, டீ குடிச்சியா?" என்றார், தலை நிமிராமல்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். கோவப்படக் கூடாது."

"நெஜமாவே குறிச்சேனான்னுதானே? குறிச்சேன். மிஷின் ரூம் படியில உக்காந்து குறிச்சேன். சிவப்பாச்சு. என் கண்ணால பாத்தேன்."

"லாக்ல இல்ல."

"லாக்னா?"

"நடந்ததை எழுதி வைக்கிற பதிவு. ஆனா நம்மகிட்ட தப்பா போனது மட்டும்தான் அதுல விழும். ஒழுங்கா நடந்ததை அது எழுதாது."

"நல்ல கம்பெனி," என்றாள் அக்கா.

நான் உட்கார்ந்தேன். தூக்கம் கண்ணைச் சுழற்றியது. உண்மையைச் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். குறிக்க மறந்திருப்பார். மறந்ததை ஒத்துக்கொள்ள வாய் வராமல் குறித்தேன் என்று சொல்லியிருப்பார். சொல்லிச் சொல்லி இப்போது அவருக்கே அது உண்மையாகப் பட்டிருக்கும்.

மாமா ஒரு திருகாணியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு எது புரியலன்னா, அது ஒண்ணு போச்சு சரி. மத்ததும் எங்க போச்சு?"

"எது மத்தது?"

"மேடம் என் டேப்பையே எடுத்து, என் முன்னாடியே திறந்து பாத்தாங்கல்ல. எல்லாரு பேர்லயும் குறி இருக்கு. என் பேர்ல சமீபத்துல ஒண்ணுகூட இல்ல. நான் அந்தப் பல் டாக்டர் லிஃப்ட் மட்டுமா குறிச்சேன்? இன்னும் நாலஞ்சு போட்டிருக்கேன். ஒண்ணும் இல்ல. உடனே மேடம், 'நீங்க எதையுமே குறிக்கிறதில்ல போல'ன்னாங்க."

துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். நான் அந்த ஒரு லிஃப்ட் நம்பரை மட்டும்தான் தேடியிருந்தேன். ஒரு பதிவு இல்லையென்றால் மனிதன் மறந்திருக்கலாம், பொய் சொல்லியிருக்கலாம். குறிப்பிட்ட ஒரு நாளுக்குப் பிறகு ஓர் ஆளின் பதிவு எதுவுமே இல்லையென்றால் அது மறதி இல்லை.

"மேடம் உங்க டேப்பை யாரு லாகின்ல திறந்தாங்க?"

"என் டேப்புன்னு சொல்றேன்ல?"

"டேப் உங்களுது. லாகின்?"

"அவங்களுது. என் லாகினைத்தான் அன்னைக்கே மூடிட்டாங்களே. நான் எதையாவது மாத்திடுவேன்னு."

"கடைசியா உங்களுக்கு அந்த ஸ்க்ரீன் பத்தி யாரு சொல்லிக் குடுத்தா?"

"செமிகோலன்தான்."

செமிகோலன் எங்கள் டேட்டாபேஸ் பொறுப்பாளர். எனக்கு மேலதிகாரி. எதைச் சொன்னாலும் கடைசியில் 'அவ்வளவுதான்' என்று முடிப்பார். புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வரி முடிவிலும் வைக்கிற அரைப்புள்ளியை அவருக்குப் பட்டமாக வைத்துவிட்டார்கள்.

"புது ஸ்க்ரீன் வந்தப்போ என்னைத்தான் முதல்ல கூப்பிட்டாரு," என்றார் மாமா. "'எதை வேணா அமுக்குங்க, இது பழகுறதுக்கு, நிஜ லிஃப்ட் எதுவும் நிக்காது'ன்னாரு. ஒரு மத்தியானம் பூரா அமுக்கினேன். ஊர்ல உள்ள லிஃப்டையெல்லாம் நிறுத்தினேன். போகும்போது, 'நாளையிலேர்ந்து நிஜம், அவ்வளவுதான்'னாரு."

"அடுத்த நாள் ஸ்க்ரீன் மாறுச்சா?"

"எதுக்கு மாறணும்? அதே ஸ்க்ரீன்தான்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. சட்டையை மறுபடி மாட்டினேன்.

"எங்கடா கிளம்பிட்ட?" என்றாள் அக்கா. "என்னன்னு சொல்லிட்டுப் போ. எனக்கும் புரியற மாதிரி சொல்லு."

"ஒரு விசேஷ வீட்டுல ஒரு குழந்தை நடுக்கூடத்துல நின்னு 'மாமா'ன்னு கத்துதுன்னு வையி. யாரு திரும்புவா?"

"அங்க இருக்கிற ஆம்பளைங்க பாதிப் பேரு திரும்புவாங்க."

"யாரு தூக்குவா?"

"சொந்த மாமா அங்க இருந்தா அவரு தூக்குவாரு."

"அவரு வரலைன்னா?"

"வேற எந்த மாமாவாவது தூக்குவாரு."

"அவ்ளோதான் விஷயம். டேட்டாபேஸ்ல ஒவ்வொரு லாகினுக்கும் ஒரு தனி ரூம் இருக்கு. எல்லாருக்கும் சேர்த்து ஒரு பொது ரூம் இருக்கு. ஸ்க்ரீன் வெறும் பேரை மட்டும் சொல்லி ஒரு டேபிளை, அதாவது ஒரு பதிவுப் பட்டியலைக் கேட்டா, முதல்ல கேக்குற ஆளோட சொந்த ரூம்ல தேடும். அங்க அந்தப் பேர்ல ஒண்ணு இருந்தா அதோட நிறுத்திக்கும். பொது ரூம்ல இருக்கிறது அதுக்கப்புறம் கண்ணுலயே படாது. மாமா ரூம்ல அதே பேர்ல ஒரு டேபிள் இருந்துச்சுன்னா, அவரு போட்ட குறியெல்லாம் அதுலதான் விழுந்திருக்கும். அவருக்கு மட்டும் தெரியும். எனக்கும் மேடத்துக்கும் கண்ட்ரோல் ரூமுக்கும் தெரியாது."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எல்லாரும் அவங்கவங்க மாமாவக் கூப்பிட்டுப் பாத்துட்டு, இவருதான் பொய்யினு சொல்லிட்டாங்க."

"ஆமா."

"நீயும்."

"நானும்தான்."

மாமா மிக்ஸியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அக்கா அதன் திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் எடுத்துப் போட்டாள்.

ஆபீஸில் மாமாவின் நுழைவு அட்டை வேலை செய்யவில்லை. வாசலில் பார்வையாளர் சீட்டு எழுதி, கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். பல வருஷம் வேலை செய்த இடத்தில் 'பார்வையாளர்' என்று மாட்டிக்கொண்டு நடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். படியேறித்தான் போனோம். எங்கள் கம்பெனியில் யாரும் லிஃப்டுக்குக் காத்திருப்பதில்லை.

செமிகோலன் அப்போதுதான் வந்து சாப்பாட்டுப் பையை மேஜையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் மேஜை சுத்தமாக இருக்கும். வயர்களைக்கூட ஒரே அளவில் கட்டி வைத்திருப்பார்.

"ஷிஃப்ட் முடிஞ்சும் போகலையா?"

"போயிட்டு வந்துட்டேன். அண்ணே, மாமாவோட ரூம்ல ஏதாவது டேபிள் இருக்கா?"

நான் முழுசாகக் கேட்டு முடிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது, எனக்கு ஒரு காலை முழுக்க ஆனது அவருக்கு அரை நொடிகூட ஆகவில்லை. உட்கார்ந்தார். முதலில் டேபிள் பட்டியலைக் கேட்டார். அந்தப் பெயரில் ஒன்றுதான் வந்தது, பொது அறையில் இருப்பது.

"பாரு, ஒண்ணுதான் இருக்கு," என்றார். சொன்ன குரலில் தெம்பு இல்லை.

"பட்டியல் உங்க கண்ணுக்குத் தெரியறதைத்தானே அண்ணே காட்டும்? நீங்க தேடுற வரிசையில மாமா ரூம் இல்லையே."

அவர் கீபோர்டை இழுத்துக்கொண்டார். மாமாவின் லாகின் பெயர், அதற்குப் பின் ஒரு புள்ளி, அதற்குப் பின் டேபிளின் பெயர் என்று முழு விலாசத்தோடு அடித்தார்.

பதிவுகள் வந்து நின்றன. பயிற்சி நாளில் பொதுவிலிருந்து நகல் எடுத்த பழைய குறிகள் மேலே. அந்த மத்தியானம் மாமா விளையாட்டுக்கு நிறுத்திய லிஃப்டுகள் அடுத்து, முழு ஊரும். அதற்குக் கீழே, அடுத்த நாளிலிருந்து, நிஜமானவை. பல் டாக்டர் கட்டடமும் அதில் இருந்தது. விழுந்த நாளுக்கு முந்தின வாரத் தேதி. குறிப்பில் மாமாவின் எழுத்துப்பிழையோடு, 'தரை மட்டத்துல நிக்கல, பார்ட் வரனும்.'

மாமா திரையைத் தொடுவதுபோல் விரலை நீட்டினார். "இதான். இதான் நான் போட்டது."

செமிகோலன் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்கு ஸ்க்ரீன்ல ஒரு எழுத்துகூட மாத்தாம பழக வைக்கணும்னு, அதே பேர்ல உங்க ரூம்ல ஒரு நகல் போட்டேன். சுலபமா இருந்துச்சு. சாயங்காலம் அழிக்கலாம்னு பட்டியலைப் பாத்தேன். ஒண்ணுதான் இருந்துச்சு. சரி, அழிச்சிட்டோம் போலன்னு விட்டுட்டேன்."

"இப்ப பாத்த மாதிரியே," என்றேன்.

"இப்ப பாத்த மாதிரியே."

பிறகு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ரெண்டு பேரும் கேளுங்க. விசாரணைக்கு இன்னும் நேரம் இருக்கு. இந்த நிஜப் பதிவுகளை அப்படியே பொது டேபிளுக்கு மாத்திடுறேன். தேதி அதே தேதி. இவரு போட்டது இவரு போட்டதுதான், ஒரு சொல் பொய் கிடையாது. இந்த நகலை அழிச்சிடுறேன். மேடம் திறந்து பாத்தா குறி இருக்கும். அன்னைக்கு எப்படி விட்டுப்போச்சுன்னா, ஸ்க்ரீன் கோளாறுன்னு சொல்லிக்கலாம். லைசென்ஸ் கைக்கு வந்துடும். அவ்வளவுதான்."

நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமாவுக்கு லைசென்ஸ் கிடைத்துவிடும். செமிகோலனுக்கு வேலை நிற்கும், எனக்கும் நிற்கும். பட்டம் இல்லாத என்னை எடுத்துக்கொண்டவர் அவர்தான். அழித்துவிட்டால் இப்படி ஒரு டேபிள் இருந்ததற்கு அடையாளமே இருக்காது. மாமாவின் லாகினைத் திறந்தால்கூடப் பொது டேபிள்தான் தெரியும். எல்லாம் எப்போதும் சரியாகவே இருந்த மாதிரி இருக்கும். அந்த ஏற்பாட்டில் எனக்கு உறுத்தியது ஒன்றுதான்.

"குறி இருந்தும் ஏன் பூட்டலன்னு மேடம் அடுத்து கண்ட்ரோல் ரூம்லதானே கேப்பாங்க?"

"கோளாறுன்னு நான் சொல்லுவேன்ல."

"எங்க கோளாறுன்னு கேப்பாங்க. காட்ட உங்ககிட்ட எதுவும் இருக்காது. அழிச்சிருப்பீங்க."

"அது அப்புறம் பாத்துக்கலாம்யா. முதல்ல உங்க மாமாவப் பாரு."

மாமா எங்களைக் கவனிக்கவே இல்லை. இவ்வளவு நேரமும் அவர் திரையையே படித்துக்கொண்டிருந்தார், உதடு அசைய, ஒவ்வொரு பதிவாக. பிறகு நிமிர்ந்தார்.

"இதுல இருக்கிற மத்த லிஃப்டெல்லாம்?"

"என்ன?" என்றார் செமிகோலன்.

"நான் நிறுத்துன்னு போட்டது எதுவும் கண்ட்ரோல் ரூமுக்குப் போகல. அப்போ இதெல்லாம் இப்பவும் ஓடிக்கிட்டிருக்கு."

செமிகோலன் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்தார்.

"இது ஹாஸ்டல். கதவு சென்சார் வேலை செய்யல. இது ஃபர்னிச்சர் கடை. இது..." மாமாவின் விரல் நின்றது. "பிசியோதெரபி சென்டர். பிரேக் லைனிங் தேஞ்சு போச்சு. பத்து நாள் தாங்கும், அதுக்குள்ள நிறுத்திடுவாங்கன்னு குறிச்சுட்டு வந்தேன். பத்து நாள் எப்பவோ தாண்டிடுச்சு. அங்க வரவன் எல்லாம் சக்கர நாற்காலியில வரான்."

சொல்லி முடிக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன். செமிகோலன் கையைக் கீபோர்டு மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் நினைத்திருந்தால் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. ஏன் என்று நான் பிறகும் கேட்கவில்லை.

கண்ட்ரோல் ரூம் ஒரு மாடி கீழே. பகல் ஷிஃப்டைப் பார்ப்பவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தினம் கட்டட முதலாளிகளிடம் திட்டு வாங்கி, திருப்பிக் கொடுத்துப் பழகிய குரல் அவருக்கு. மாமா உள்ளே நுழைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குறி வரவே இல்லை என்று மேடத்திடம் சொன்னவர் அவர்தான்.

"பார்வையாளருக்கு இங்க அனுமதி இல்ல," என்றார்.

"யம்மா, என்னை அப்புறம் திட்டு. பிசியோதெரபி சென்டர் லிஃப்டைப் பூட்டு. இப்பவே. ஹாஸ்டலையும் பூட்டு."

"குறி இருக்கா?"

"நான் சொல்றேன்ல?"

"நீங்க சொல்றதை வச்சுப் பூட்டத்தான் எங்களை வச்சிருக்காங்களா? குறி இல்லாம பூட்டினா காரணம் கேக்கும். என்ன போடுறது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்னா?"

மாமா என்னைப் பார்த்தார்.

"குறி இருக்கு அக்கா," என்றேன். "அவரு லாகின்ல இருக்கு. அதே பேர்ல இன்னொரு டேபிள். உங்க ஸ்க்ரீன் பொது டேபிளை மட்டும்தான் பாக்கும். அவரு போட்டது எதுவும் உங்களுக்குத் தெரிய வழியே இல்ல. மேல செமிகோலன் திறந்து வச்சிருக்காரு."

அவர் நாற்காலியை முழுதாக எங்கள் பக்கம் திருப்பினார். "அப்ப இந்த மனுஷன் பொய் சொல்லல."

"இல்ல."

"வரவே இல்லைன்னு நான் சொன்னது?"

"அதுவும் பொய் இல்ல."

"அப்ப இத்தனை நாளா நானும் இவரும் ஒருத்தரை ஒருத்தர் மனசுக்குள்ள..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் திரையின் பக்கம் திரும்பினார். "லிஃப்ட் நம்பரைச் சொல்லுங்க. ஒண்ணொண்ணா."

மாமா சொல்லச் சொல்ல அவர் பூட்டினார். பூட்டினால் லிஃப்ட் கீழ்த்தளத்துக்கு வந்து கதவைத் திறந்துகொண்டு அப்படியே நின்றுவிடும். ஹாஸ்டல் நின்றது. ஃபர்னிச்சர் கடை நின்றது. உடனே அந்தக் கடைக்காரர் போனில் வந்து, மூன்றாவது மாடிக்கு ஒரு பீரோ போக வேண்டும், யாரைக் கேட்டுப் பூட்டினீர்கள் என்று கத்தினார். "பீரோவைத் தூக்கிக்கிட்டுப் போங்க, உடம்புக்கு நல்லது," என்று அக்கா போனை வைத்தார்.

பிசியோதெரபி சென்டர் லிஃப்ட் மட்டும் பூட்டிக்கொள்ளவில்லை. மறுபடி அழுத்தினார். பதில் இல்லை.

"பழைய மாடல்," என்றார் மாமா. "இங்கிருந்து பூட்ட வராது. மிஷின் ரூம்ல கையால அணைக்கணும்."

"காவலாளிக்குப் போன் போடறேன்." போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. சென்டரின் நம்பருக்குப் போட்டார். யாரோ ஒரு பெண் எடுத்து, லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது, இப்போதுதான் ஒரு பேஷன்ட் மேலே போனார் என்றாள். யாரையும் ஏற்ற வேண்டாம், கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போடுங்கள் என்று அக்கா சொன்னார். டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் அவள்.

"மிஷின் ரூம் சாவி என் பொட்டியிலதான் இருக்கு," என்றார் மாமா. "பதினஞ்சு நிமிஷத்துல போயிடுவேன். ஆனா லைசென்ஸ்?"

லைசென்ஸ் இல்லாமல் அவர் அந்த மிஷின் ரூமுக்குள் காலை வைத்தால், அன்றைய விசாரணைக்கே தேவை இருக்காது. அது ஒன்றே போதும்.

கண்ட்ரோல் ரூம் அக்கா எழுந்து, கதவைத் திறந்து, தாழ்வாரத்தில் நின்று "மேடம்!" என்று கூப்பிட்டார். அந்தக் கட்டடத்தில் அந்தக் குரல் எட்டாத இடம் கிடையாது.

சேஃப்டி மேடம் மாமாவின் டேப்போடு வந்தார். விசாரணைக்கு எடுத்து வைத்திருந்தார். செமிகோலனும் மெதுவாக இறங்கி வந்து கதவோரம் நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். நகலைப் பொதுவுக்கு மாற்றிவிடலாம் என்ற பேச்சைச் சொல்லவில்லை. மேடம் கேட்டது ஒரே கேள்வி:

"நான் இதே டேப்பில்தானே பார்த்தேன்?"

"டேப் முக்கியமில்ல மேடம். யாருடைய லாகின்ல பாத்தீங்கங்கறதுதான்."

"அவர் லாகினைத் திறங்க," என்றார் செமிகோலனிடம்.

செமிகோலன் அங்கேயே ஒரு கணினியில் அந்த லாகினின் பூட்டை எடுத்தார். மேடம் முதலில் தன் லாகினில் அந்தப் பட்டியலைத் திறந்தார். மாமாவின் குறி எதுவும் இல்லை. தன் லாகினை மூடிவிட்டு, டேப்பை மாமாவிடம் நீட்டினார். மாமா எண்ணெய்க் கறை படிந்த விரலால் தன் பாஸ்வேர்டை அடித்தார். அதே பட்டியல், அதே தலைப்பு, அதே நிறம். பல் டாக்டர் கட்டடம் சிவப்பாக இருந்தது.

மேடம் டேப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு செமிகோலனிடம், "இந்த டேபிளை யாரும் தொடக் கூடாது. நான் சொல்ற வரைக்கும்," என்றார்.

"தொடல மேடம்."

"விசாரணையை நான் முடிக்கல. லைசென்ஸை மட்டும் தர்றேன். மேல வாங்க, கையெழுத்து..."

"கையெழுத்து வந்து போடறேன் மேடம்," என்றார் மாமா. "அங்க ஒரு பேஷன்ட் மேல போயிருக்காரு. இறங்கி வரணும்."

மேடம் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு மாடிப்படியில் ஓடினார். அவர் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். லைசென்ஸோடு திரும்பி வந்தார். மாமா அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, திருப்பிப் போட்ட பார்வையாளர் அட்டை கழுத்தில் ஆட, போனார்.

மேலே போன பேஷன்டை அதற்குள் கைத்தாங்கலாகப் படியில் இறக்கிவிட்டிருந்தார்கள். நாற்காலியை ஒருவழியாகக் குறுக்கே போட்டிருந்தார்கள். மாமா லிஃப்டை அணைத்துவிட்டு, பிரேக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ட்ரோல் ரூம் அக்கா கேட்டார். "சொன்னா நீ சாப்பிட மாட்டே," என்றார் மாமா.

விசாரணை சாயங்காலம் நடந்தது. நகல் டேபிளைப் போட்டதும் அழிக்காமல் விட்டதும் தான்தான் என்று செமிகோலன் சொன்னார். சுற்றிவளைக்கவில்லை. அவருக்குச் சம்பள உயர்வு நின்றது. பொறுப்பு வேறொருவருக்குப் போனது. இப்போது எனக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, நான் ஒவ்வொரு டேபிளையும் முழு விலாசத்தோடு எழுதுகிறேனா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. நான் எழுதுகிறேன். மெக்கானிக்குகளின் தனி அறைகளில் எதையும் போட முடியாதபடி அடைத்துவிட்டோம். தேடும் வரிசையிலிருந்தும் அவற்றை எடுத்துவிட்டோம்.

மாமாவிடம் மேடம் கடைசியாகக் கேட்டார்: "நீங்க குறிச்ச லிஃப்ட் எதுவும் நிக்கல. ஒரு தடவையாவது போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

"குறிச்சதும் கிளம்பிடணும், மத்தது எங்க வேலை இல்லைன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"சொன்னோம்."

"எனக்கும் வசதியா இருந்துச்சு," என்றார் மாமா. அது அவர் வாயிலிருந்து வந்ததில் எனக்கு ஆச்சரியம்.

லைசென்ஸ் அவரிடமே இருந்தது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அந்த அம்மாளுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தது. அவர் இப்போது நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார், படி ஏற முடியாது. அந்தக் குறி விழ வேண்டிய இடத்தில் விழுந்திருந்தால் அவர் பல்லை மட்டும் இழந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அதை மாற்ற எந்த விசாரணையாலும் முடியவில்லை.

விதியில் அதற்கென்று எதுவும் சேர்க்கவில்லை. ஆனால் மாமா இப்போது ஒரு லிஃப்டை 'நிறுத்து' என்று குறித்ததும் மிஷின் ரூம் படியிலேயே உட்கார்ந்து கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போடுகிறார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன போட்டிருக்கேன்னு படி."

"'கதவு சரியா மூடல.' பிழையோடதான் எழுதியிருக்கீங்க. போதுமா? இல்ல கையெழுத்துப் போட்டு அனுப்பணுமா?"

"பூட்டிட்டியா?"

"பூட்டிட்டேன். கிளம்புங்க."

லிஃப்ட் கீழே போய் நின்று, கதவு திறக்கிற சத்தம் கேட்கும்வரை அவர் கிளம்புவதில்லை.